நம்மை அளக்கும் வினாக்கள்

நுழையும்முன்

தன்னை அறிய விழைவது மாந்தரின் இயல்பு. கைரேகையிலும் பிறந்த நாளின் விண்மீனிலும் தம்மைத் தேடிய மனிதர், இன்று திறன்பேசியின் திரையிலும் தேடுகின்றனர். 'நீங்கள் இத்தகையவர்' என்று பத்து நிமிடங்களில் சொல்லிவிடும் இணையவழி ஆளுமைத் தேர்வுகள் பெருகியுள்ளன. அவை கூறுவதில் எவ்வளவு உண்மை உள்ளது? எதை ஏற்கலாம், எதை விடலாம்? உளவியலின் துணைகொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

பத்து நிமிடத்தில் ஓர் ஆளுமை

'புதியவர்களிடம் நானாகவே சென்று பேசுவேன்', 'திட்டமிடாமல் எந்தச் செயலையும் தொடங்கமாட்டேன்', 'முடிவெடுக்கும்போது உணர்வையே பெரிதும் நம்புவேன்' என்பன போன்ற தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் தோன்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 'முழுமையாக ஏற்கிறேன்' என்பது முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பது வரை ஏதேனும் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறுதியில் நான்கெழுத்துக் குறியீடு ஒன்றோ அழகிய பட்டப்பெயர் ஒன்றோ கிடைக்கிறது. அதனுடன் நம் குணங்கள், நட்பு, நமக்கு ஏற்ற தொழில் ஆகியவற்றை விரித்துரைக்கும் அறிக்கையும் வருகிறது. படிப்போர் பலரும், 'என்னை அப்படியே எழுதியிருக்கிறார்களே!' என்று வியக்கின்றனர்.

பொழுதுபோக்கு என்னும் அளவில் இதனால் கேடில்லை. நண்பர்கள் கூடித் தத்தம் முடிவுகளை ஒப்பிட்டு மகிழ்வதும் இயல்பே. ஆயினும், இம்முடிவுகள் அந்த எல்லையைக் கடக்கும் இடங்களும் உண்டு. மேடைப்பேச்சில் விருப்பமுள்ள மாணவி ஒருவர், தேர்வு தம்மை 'அகமுகர்' என்று கூறியதால் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் இருந்துவிடலாம். சட்டம் பயில எண்ணிய மாணவர் ஒருவர், 'உமக்கு ஏற்ற தொழில்கள்' என்னும் பட்டியலில் வழக்கறிஞர் தொழில் இல்லாமை கண்டு மனம் மாறலாம். மேல்நிலைக் கல்விக்குப்பின் எதைப் பயில்வது என முடிவெடுக்க வேண்டிய பருவத்தில் உள்ளோர்க்கு இது சிறிய செய்தியன்று. ஆகவே, அம்முடிவுகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிந்துகொள்வது தேவையாகிறது.

தேர்வுகள் வந்த வழி

ஒருவர் எண்ணும் முறை, உணரும் முறை, செயல்படும் முறை ஆகியவற்றில் பெரும்பாலும் நிலைத்துக் காணப்படும் தன்மைகளின் தொகுதியை உளவியலார் ஆளுமை என்பர். அதனைப் பகுத்துக் காணும் முயற்சி பழமையானது. பண்டைக் கிரேக்க மருத்துவ மரபு, உடலில் உள்ளனவாகக் கருதப்பட்ட நான்கு நீர்மங்களைக் கொண்டு மனிதரின் மனப்பாங்கை நான்காகப் பிரித்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகத் தொகுத்தது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கிரேக்க மரபு மனிதரை வகைப்படுத்தியது. தொல்காப்பியமோ மனிதர் எவரிடத்தும் தோன்றக்கூடிய உணர்வுகளை வகைப்படுத்தியது.

வினாக்களின் வழியே ஆளுமையை அளக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. முதல் உலகப்போரில் குண்டுவீச்சின் அதிர்ச்சியால் வீரர் பலர் மனநலம் குன்றினர். அத்தகைய பாதிப்புக்கு ஆளாகக்கூடியோரை முன்கூட்டியே கண்டறிய எண்ணிய அமெரிக்க உளவியலார் ராபர்ட் உட்வொர்த், 'ஆம்', 'இல்லை' என விடையளிக்கத்தக்க வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார். அது பயன்பாட்டுக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. எனினும், பின்னாளில் தோன்றிய ஆளுமை வினாப்பட்டியல்களுக்கு அதுவே முன்னோடியாயிற்று.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் யுங், 1921ஆம் ஆண்டு உளவியல் வகைகள் குறித்த தம் நூலை வெளியிட்டார். அகமுகர், புறமுகர் என்னும் பாகுபாடு அந்நூலின் வழியே உலகெங்கும் பரவியது. யுங்கின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட அமெரிக்கப் பெண்மணி கேதரின் பிரிக்சும் அவர்தம் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்சும் அவற்றை வினாப்பட்டியலாக மாற்றினர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், புதிதாகத் தொழிற்கூடங்களுக்கு வந்த பெண்கள் தமக்கேற்ற பணியைத் தெரிந்துகொள்ள உதவுவது அவர்களின் நோக்கமாக இருந்தது. தாய், மகள் இருவருமே உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

மையர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டி என்று அழைக்கப்படும் இத்தேர்வு, நான்கு இணைகளைக் கொண்டது. மனத்தின் நாட்டம் புறத்தேயா, அகத்தேயா. செய்தியை அறிவது புலன்களாலா, உள்ளுணர்வாலா. முடிவெடுப்பது சிந்தனையாலா, உணர்வாலா. வாழ்வை நடத்துவது திட்டமிட்டா, சூழலுக்கேற்ப நெகிழ்ந்தா என்பன அவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்றைத் தேர்ந்தால் 16 வகையினர் கிடைப்பர். இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் தேர்வுகள் பலவும் இந்தப் பதினாறு வகைச் சட்டகத்தைக் கடன்பெற்று, வினாக்களைத் தாமே அமைத்துக்கொண்டவை.

எல்லார்க்கும் பொருந்தும் அறிக்கை

'என்னை அப்படியே எழுதியிருக்கிறார்களே' என்னும் வியப்பே இத்தேர்வுகளுக்குப் பெருஞ்சான்றாகக் கொள்ளப்படுகிறது. அந்த வியப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை 1948ஆம் ஆண்டிலேயே ஒருவர் சோதித்துப் பார்த்தார். அவர் அமெரிக்க உளவியலார் பெர்ட்ரம் ஃபோரர்.

ஃபோரர் தம் உளவியல் வகுப்பு மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வை நடத்தினார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிட்ட அறிக்கையை வழங்கினார். அறிக்கை தமக்கு எந்த அளவிற்குப் பொருந்துகிறது என்பதற்குச் சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுமாறு கேட்டுக்கொண்டார். மாணவர்கள் அளித்த மதிப்பெண்ணின் சராசரி 4.26. அதன்பின்னர்தான் உண்மை வெளிப்பட்டது. 39 பேருக்கும் வழங்கப்பட்டது ஒரே அறிக்கை! அதிலிருந்த 13 தொடர்களைக் கடைகளில் விற்கும் சோதிட நூலிலிருந்து அவர் தொகுத்திருந்தார். மாணவர்கள் எழுதிய விடைகளுக்கும் அறிக்கைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது? பின்வரும் தொடர்களைப் படித்துப் பாருங்கள்.

'நெருங்கியவர்களிடம் மனந்திறந்து பேசும் நீங்கள், புதியவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பீர்கள்.'

'உங்கள் உழைப்புக்கேற்ற பாராட்டு சில வேளைகளில் கிடைப்பதில்லை.'

'பிறர் அறியாத திறமை ஒன்று உங்களிடம் உள்ளது.'

இவற்றை மறுப்போர் மிகச் சிலரே. முதல் தொடர் இருபுறமும் பொருந்துமாறு அமைந்துள்ளது. ஒரு பாதி பொருந்தாவிடினும் மறுபாதி பொருந்திவிடும். இரண்டாம் தொடரில் 'சில வேளைகளில்' என்னும் சொற்கள் அதனைப் பொய்யாகாமல் காக்கின்றன. மூன்றாம் தொடர் நம்மைப் புகழ்கிறது. புகழை மறுக்க மனம் எளிதில் இசைவதில்லை. இவை அனைத்திற்கும் மேலாக, 'இது எனக்காகவே எழுதப்பட்டது' என்னும் நம்பிக்கை, பொருந்தும் நிகழ்வுகளை நம் நினைவிலிருந்து தேடி எடுத்துத் தருகிறது; பொருந்தாதவற்றை மறைத்துவிடுகிறது.

ஆகவே, ஓர் அறிக்கை நமக்குப் பொருந்துகிறது என்பது மட்டும் போதாது. அது பிறருக்குப் பொருந்தாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது நம்மைப் பற்றிய செய்தியாகும். இதனைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. நமக்குக் கிடைத்த வகையின் விளக்கத்தோடு, கிடைக்காத வேறு மூன்று வகைகளின் விளக்கங்களையும் தலைப்பை மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும். நம்முடையது எது என்று கண்டறிய இயலவில்லையெனில், அவ்விளக்கத்தின் மதிப்பு எத்தகையது என்பது புலனாகும்.

தெரியுமா?

பொதுவான கூற்றுகளைத் தமக்கே உரியனவாக மக்கள் ஏற்றுக்கொள்வதை உளவியலார் 'பார்னம் விளைவு' என்பர். பி. டி. பார்னம் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகழ்பெற்றிருந்த அமெரிக்கக் காட்சி நடத்துநர். 1956ஆம் ஆண்டு உளவியலார் பால் மீல் இப்பெயரை வழங்கினார். 'ஃபோரர் விளைவு' என்றும் இது குறிக்கப்படுகிறது.

வகையா? அளவா?

மனிதரை வகைகளாகப் பிரிப்பதில் மற்றொரு சிக்கல் உள்ளது. உயரத்தை எடுத்துக்கொள்வோம். 170 செ.மீ. என்பதை எல்லையாக வைத்து, அதற்கு மேற்பட்டோரை 'நெட்டையர்' என்றும் அதற்குக் குறைந்தோரைக் 'குட்டையர்' என்றும் பிரிப்பதாகக் கொள்வோம். 169 செ.மீ. உயரமுள்ளவரும் 150 செ.மீ. உயரமுள்ளவரும் ஒரே வகையினர் ஆகிவிடுவர். 169 செ.மீ. உள்ளவரும் 171 செ.மீ. உள்ளவருமோ எதிரெதிர் வகையினர் ஆவர். இப்பாகுபாடு நெருங்கியவரைப் பிரிக்கிறது, விலகியவரைச் சேர்க்கிறது.

ஆளுமைப் பண்புகளும் உயரத்தைப் போன்றவையே. முற்றிலும் தனிமையை நாடுவோரும் எப்போதும் கூட்டத்தை நாடுவோரும் சிலரே. பெரும்பாலோர் இரண்டிற்கும் இடைப்பட்டவர்கள். மதிப்பெண்களை வரைபடமாக வரைந்தால், இருபுறமும் தாழ்ந்து நடுவில் உயர்ந்த மணி போன்ற வடிவம் கிடைக்கும். எல்லைக்கோடோ, மக்கள் மிகுதியாகக் குழுமியுள்ள நடுப்பகுதியிலேயே போடப்படுகிறது. எனவே, ஒன்றிரண்டு வினாக்களுக்கான விடை மாறினாலும் ஒருவர் கோட்டின் மறுபுறம் சென்றுவிடுவார்.

இதன் விளைவை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு தேர்வில் நான்கு இணைகள் உள்ளன. தேர்வை மீண்டும் எழுதும்போது, ஒவ்வோர் இணையிலும் 100க்கு 85 பேர் முன்பிருந்த பக்கத்திலேயே நிற்பதாகக் கொள்வோம். இது நல்ல அளவாகவே தோன்றும். ஆனால், ஒவ்வோர் இணையும் தனித்தனியே மாறக்கூடியதாயின், முதல் இணையில் 85 பேரும், இரண்டும் மாறாதவராக 72 பேரும், மூன்றும் மாறாதவராக 61 பேரும், நான்கும் மாறாதவராக ஏறத்தாழ 52 பேருமே எஞ்சுவர். ஏனைய 48 பேருக்கு வேறொரு குறியீடு கிடைத்திருக்கும். மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை ஐந்து வார இடைவெளியில் மீண்டும் எழுதியவர்களுள் பாதிப்பேர் வரை வேறு வகையினராக மாறியதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ஐந்து வாரத்தில் அவர்களின் ஆளுமை மாறிவிடவில்லை; அளவுகோலே அவர்களை இடம் மாற்றியது.

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும்

அளவுக்கருவி எதுவாயினும் அதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். எடைப்பொறி ஒன்றில் ஒரே அரிசிப் பையைக் காலையில் வைத்தால் 900 கிராம் என்றும், மாலையில் வைத்தால் 1,100 கிராம் என்றும் காட்டுமாயின் அப்பொறியை நம்ப இயலாது. மீண்டும் மீண்டும் அளந்தாலும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருவது நம்பகத்தன்மை எனப்படும்.

ஒரு கிலோ அரிசியை எப்போது வைத்தாலும் 1,100 கிராம் என்றே காட்டும் பொறியின் விடை மாறுவதில்லை. ஆனால், அது சரியன்று. அளக்க எண்ணியதையே உண்மையாக அளப்பது ஏற்புடைமை எனப்படும். நம்பகத்தன்மை இல்லாத கருவிக்கு ஏற்புடைமை இருக்க இயலாது. நம்பகத்தன்மை இருப்பதனாலேயே ஏற்புடைமை வந்துவிடுவதுமில்லை.

ஆளுமைத் தேர்வின் ஏற்புடைமையை எவ்வாறு அறிவது? அது கூறும் முடிவு, வெளியே நிகழும் ஒன்றோடு பொருந்துகிறதா என்று காண வேண்டும். 'பொறுப்புணர்வு மிக்கவர்' எனத் தேர்வு கூறியோர், பணியை உரிய காலத்தில் முடிப்பவராகவும் இருக்கின்றனரா? 'இத்தொழிலுக்கு ஏற்றவர்' எனப்பட்டோர் அதில் சிறக்கின்றனரா? இவ்வாறு பலரிடம் பல்லாண்டுகள் சோதித்துப் பெற்ற முடிவுகளை வெளியிடுவதே தேர்வை உருவாக்கியோரின் கடமை. இணையத்தில் காணும் தேர்வுகள் பலவற்றில் இத்தகைய தகவல் எதுவும் இடம்பெறுவதில்லை. மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை வெளியிடும் நிறுவனமே, பணியாளரைத் தெரிவு செய்வதற்கு அதனைப் பயன்படுத்துதல் கூடாது என அறிவித்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

சொற்களில் இருந்து பிறந்த ஐந்து

ஆளுமையை அளக்கவே இயலாது என்பது இதன் பொருளன்று. உளவியல் ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் முறை வேறொன்று. அது மொழியிலிருந்து பிறந்தது. மனிதரிடையே உள்ள முதன்மையான வேறுபாடுகளுக்கு மொழி சொற்களைப் படைத்திருக்கும் என்பது அதன் அடிப்படை. 1936ஆம் ஆண்டு கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் ஆகிய இருவரும் ஆங்கில அகராதி ஒன்றிலிருந்து மனிதரின் தன்மையை விவரிக்கும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினர். பின்வந்தோர் ஒருபொருட் சொற்களை நீக்கி, எந்தெந்தப் பண்புகள் மக்களிடம் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதைப் புள்ளியியல்வழி ஆராய்ந்தனர். பல்லாண்டு ஆய்வின் பயனாக ஐந்து பெரும்பண்புகள் தெளிவாயின. புதியனவற்றை வரவேற்கும் மனம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணங்கும் தன்மை, எளிதில் கவலைக்கு ஆட்படும் தன்மை என்பன அவை.

இம்முறை எவரையும் வகைப்பெயரிட்டு அடைப்பதில்லை. ஒவ்வொரு பண்பும் எந்த அளவில் உள்ளது என்றே கூறுகிறது. இதன் ஏற்புடைமைக்கும் சான்றுகள் உள்ளன. முர்ரே பேரிக், மைக்கேல் மவுண்ட் ஆகியோர் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு, பொறுப்புணர்வு மிக்கோர் பல்வகைத் தொழில்களிலும் ஓரளவு சிறந்து செயல்படுவதைக் காட்டியது. ஆயினும், அத்தொடர்பு சிறியது. பல்லாயிரம் பேரைச் சேர்த்துக் காணும்போது புலப்படும் போக்கினைக் கொண்டு, ஒரு தனி மாணவரின் எதிர்காலத்தைக் கணித்துவிட இயலாது.

இவ்வைந்தும் எல்லா மக்களுக்கும் பொதுவானவையா என்பதும் ஆராயப்பட்டது. தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில் பயிர்செய்தும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2013ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களிடம் இந்த ஐந்து பிரிவு முறை தெளிவாகத் தோன்றவில்லை. ஒரு சமூகத்தில் உருவான அளவுகோல் மற்றொரு சமூகத்திற்கு அப்படியே பொருந்திவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

இணையத்தில் மொழிபெயர்ப்பாகக் கிடைக்கும் வினாக்களை நாம் படிக்கும்போதும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். 'விருந்துக் கூட்டங்களில் அறிமுகமில்லாதவர்களோடு பேசி மகிழ்வேன்' என்று ஒரு வினா அமைந்திருக்கலாம். அவ்வினாவை எழுதியவர் கருதிய கூட்டம் வேறு. உறவினர் திருமணத்திலும் ஊர்த் திருவிழாவிலும் நாம் காணும் கூட்டம் வேறு. பந்தியில் ஓடியாடிப் பரிமாறும் பெண், முகமறியாதவரிடம் வலிந்து பேசுவதில்லை என்பதற்காகவே அகமுகர் ஆகிவிடுவாரா? வினாவுக்குப் பின்னுள்ள வாழ்க்கை வேறாகும்போது விடையின் பொருளும் வேறாகிறது.

விடை எழுதுவோர் நாமே

எடைப்பொறி அரிசியிடம் அதன் எடையைக் கேட்பதில்லை, தானே அளக்கிறது. ஆளுமைத் தேர்வோ நம்மையே கேட்கிறது. 'தனிமையை விரும்புகிறேன்' என்று நாம் விடையளிக்கிறோம். 'நீங்கள் தனிமையை விரும்புபவர்' என்று தேர்வு கூறுகிறது. நாம் சொன்னதே பிறர் கூறும் தீர்ப்பைப் போல நம்மிடம் திரும்பி வருகிறது. எனவே, விடையளிக்கும்போது நேரும் பிழைகள் முடிவிலும் தொடர்கின்றன. அவற்றுள் மூன்றை இங்குக் காண்போம்.

முதலாவது, மனநிலை. தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற நாளில் 'நான் தன்னம்பிக்கை உடையவன்' என்னும் தொடருக்கு ஒரு மாணவர் அளிக்கும் விடையும், விளையாட்டில் பரிசு பெற்ற நாளில் அளிக்கும் விடையும் ஒன்றாக இரா.

இரண்டாவது, ஒப்பீடு. 'நான் அதிகம் பேசுபவள்' என்பதற்கு விடையளிக்கும் மாணவி, தம்மை யாரோடு ஒப்பிடுகிறார்? கலகலப்பாகப் பேசும் குடும்பத்தில் வளர்ந்தவர் தம்மை அமைதியானவராக எண்ணலாம். அவரே அமைதியான வகுப்பில் மிகுதியாகப் பேசுபவராகத் தோன்றலாம்.

மூன்றாவது, விருப்பம். நாம் எவ்வாறு இருக்கிறோம் என்பதை விடுத்து, எவ்வாறு இருக்க விரும்புகிறோம் என்பதற்கேற்ப விடையளிப்பது மனித இயல்பு. 'பிறர் துன்பம் கண்டு உதவுவேன்' என்பதை மறுக்க எவர் முன்வருவர்? வேலைக்கான தேர்வாக இருப்பின், எந்த விடை நன்மை தரும் என்பதை ஊகிப்பதும் எளிது. 1943ஆம் ஆண்டு வெளியான மின்னசோட்டா பல்கூறு ஆளுமை வினாப்பட்டியல், விடையளிப்போர் தம்மை மிக நல்லவராகக் காட்ட முயல்கின்றனரா என்பதைக் கண்டறியத் தனி வினாக்களைத் தன்னுள் கொண்டிருந்தது. மருத்துவமனைகளில் பயன்படும் இத்தகைய தேர்வுகளின் முடிவைப் பயிற்சி பெற்ற உளவியலாரே, நேர்முக உரையாடலோடு சேர்த்து ஆராய்ந்து கூறுவர். திரையில் உடனே தோன்றும் முடிவுக்கு அத்தகைய துணை இல்லை.

வினாக்களின் பின்னால்

கட்டணமின்றிக் கிடைக்கும் தேர்வுகளுக்கு நாம் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. அஃது நம்மைப் பற்றிய தரவு. முகநூலில் இயங்கிய ஆளுமைத் தேர்வுச் செயலி ஒன்றை ஏறத்தாழ 2,70,000 பேர் பயன்படுத்தினர். அக்காலத்தில் முகநூல் அளித்திருந்த வசதியால், அவர்களின் தகவல்களோடு அவர்தம் நண்பர்களின் தகவல்களும் அச்செயலிக்குக் கிட்டின. அவை கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றதை 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தின. இவ்வாறு 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று முகநூல் நிறுவனம் தெரிவித்தது. இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். 2019ஆம் ஆண்டு, தனியுரிமை மீறல்களுக்காக முகநூல் நிறுவனத்திற்கு அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 500 கோடி டாலர் தண்டம் விதித்தது.

ஒருவர் விளையாட்டாக எழுதிய தேர்வு, அதனை எழுதாத நண்பர்களையும் உறவினர்களையும் பாதித்தது என்பதே இந்நிகழ்வு தரும் படிப்பினை. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாள்வதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு தேவை என்கிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலரும் இப்பாதுகாப்புக்கு உரியவர்கள். பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண், தொடர்புப் பட்டியல் ஆகியவற்றைக் கேட்கும் தேர்வு, நம் ஆளுமையை அளப்பதற்காகவே அவற்றைக் கேட்கிறதா என வினவும் உரிமை நமக்கு உண்டு.

தெரிந்து தெளிவோம்

ஆளுமைத் தேர்வு ஒன்றைக் காணும்போது கேட்க வேண்டிய வினாக்கள்:

1. இதனை உருவாக்கியவர் யார்? எவரிடம் சோதித்தார்?
2. ஒரு மாதம் கழித்து எழுதினாலும் இதே முடிவு வருமா?
3. முடிவுக்கு வெளியிலிருந்து சான்று உண்டா?
4. இந்த அறிக்கை என் நண்பருக்கும் பொருந்துமா?
5. எனக்குத் தேவையற்ற எந்தத் தகவலைக் கேட்கிறது?

முத்திரை விதியாகுமா?

தேர்வின் முடிவு சரியாகவே இருப்பினும், அது இன்றைய நிலையைக் காட்டுவதே; நாளைய நிலைக்கு அஃது எல்லையன்று. ஒரே மனிதர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் இடம்பெற்ற 92 குழுக்களின் தரவுகளைத் தொகுத்து, பிரென்ட் ராபர்ட்சும் அவர்தம் குழுவினரும் 2006ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டனர். பொறுப்புணர்வும் மனவுறுதியும் வயது ஏறுந்தோறும் பொதுவாக வளர்கின்றன என்பதும், அவ்வளர்ச்சி 20 முதல் 40 வயது வரையிலான காலத்தில் மிகுதி என்பதும் அவர்கள் கண்டவை. பதினாறு வயதில் பெற்ற முத்திரையை வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முத்திரைக்கு இன்னொரு தீங்கும் உண்டு. 'நான் அகமுகர், எனக்கு மேடைப்பேச்சு வராது' என்று நம்பும் மாணவி மேடையைத் தவிர்க்கிறார். தவிர்ப்பதனால் பயிற்சி கிடைப்பதில்லை. பயிற்சியின்மையால் பேச்சு வருவதில்லை. இறுதியில், 'தேர்வு சொன்னது சரிதான்' என்று எண்ணுகிறார். உண்மையில் தேர்வு அவரைக் கண்டறியவில்லை; அவர்தாம் தேர்வுக்கேற்பத் தம்மைக் குறுக்கிக்கொண்டார். தனிமையை விரும்புவதற்கும் மேடையில் பேச இயலாமைக்கும் தொடர்பு இருந்தே தீர வேண்டியதில்லை. முன்னது விருப்பம், பின்னது திறன். திறன் பயிற்சியால் வளர்வது.

மனிதரை அறியும் வழி குறித்துத் தமிழர் முன்னரே சிந்தித்துள்ளனர். திருக்குறளின் 51ஆம் அதிகாரத்திற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று பெயர். ஒருவரை ஆராய்ந்த பின்னரே நம்ப வேண்டும் என்பதும், அவர்தம் உயர்வையும் தாழ்வையும் அறிவதற்கு அவர் செய்யும் செயல்களே உரைகல் என்பதும் அவ்வதிகாரத்தில் வள்ளுவர் வலியுறுத்துவன. பிறரைத் தெளிவதற்குக் கூறிய அவ்வழி, தம்மைத் தெளிவதற்கும் பொருந்தும். மேடையில் பேச இயலுமா என்பதை அறியச் சிறந்த வழி, ஒருமுறை மேடையேறிப் பேசிப் பார்ப்பதே. சட்டப்படிப்பு ஏற்றதா என்பதை அறிய, வழக்கறிஞர் ஒருவரோடு உரையாடலாம்; சட்ட நூல் ஒன்றைப் படித்துப் பார்க்கலாம். நம்மை நெடுநாள் அறிந்த ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கருத்துக் கேட்கலாம்.

இணையவழித் தேர்வுகளை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. 'நான் முடிவெடுக்கும் முறை எது?', 'எனக்குக் கோபம் எப்போது வருகிறது?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள அவை தூண்டுகின்றன. அந்த வினாக்கள் பயனுடையவை. அவற்றின் விடையை மட்டும் திரையிடம் விட்டுவிடாமல், நாள்தோறும் நாம் செய்யும் செயல்களில் தேடிக் காண்பதே தன்னை அறிவதற்கு உரிய வழியாகும்.

கற்பவை கற்றபின்...

1. எவருக்கும் பொருந்தக்கூடிய ஆறு தொடர்களைக் கொண்ட ஆளுமை அறிக்கை ஒன்றை எழுதுக. அதனை நண்பர்கள் ஐவரிடம் தனித்தனியே கொடுத்து ஐந்துக்கு மதிப்பெண் இடச்செய்து சராசரியைக் காண்க. பின்னர் உண்மையைக் கூறி, கிடைத்த பட்டறிவை வகுப்பறையில் பகிர்க.

2. நாளிதழ் ஒன்றின் இராசிபலன் பகுதியில் பெயர்களை மறைத்துவிட்டு, தமக்குரியதை மாணவர்கள் கண்டறிய இயலுகிறதா எனச் சோதித்துக் கலந்துரையாடுக.

3. ஒரே மாணவரின் மூன்று பண்புகளைக் குறித்து அவரும் அவருடைய நண்பரும் ஆசிரியரும் தனித்தனியே எழுதிய கருத்துகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளுக்கான காரணங்களைப் பட்டியலிடுக.

4. 'ஆளுமைத் தேர்வுகள் தொழில் தேர்வுக்கு வழிகாட்டுகின்றன / வழிமறிக்கின்றன' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.